இறாத்தலும் அந்தரும்

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை அறிய விழைவோர் பெரும்பாலும் காப்பியங்களையும் கல்வெட்டுக்களையும் நாடுவர். அவற்றினும் எளிதிற் கைக்கெட்டும் சான்று ஒன்றுண்டு. அது கடைத்தெருவிலே நாடோறும் வழங்கும் அளவுச் சொல்லாகும். 'அரை இறாத்தல் பாண்', 'ஓர் அந்தர் உரம்', 'ஒரு போத்தல் தேங்காயெண்ணெய்', 'பத்துப் பேர்ச்சுக் காணி', 'இரண்டு பவுண் சங்கிலி' என்று கண்டி மாநகரின் கடைகளிலும் காணி விளம்பரங்களிலும் இன்றும் கேட்கிறோம். இந்நாட்டில் மெற்றிக் முறை புகுந்தது 1970களில். அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. தராசிலிடும் படிக்கற்கள் மாறின. நாவிலுள்ள சொற்கள் மாறவில்லை.

கீழைத்தேயக் கல்லூரி ஒன்றிலே தமிழ் கற்பித்துவரும் என்னிடம் மாணவர் வினவும் வினாக்களுட் பல, தமிழ்ச் சொற்களைப் பற்றியன அல்ல. 'பவுண்ட் என்று எழுதுமிடத்து எல், பி என்னும் எழுத்துக்களை இடுவது ஏன்? நூறு என்னும் பெயருடைய ஹண்ட்ரட்வெயிற் நூற்றுப்பன்னிரண்டு இறாத்தலானது எவ்வாறு?' என்கின்றனர். ஆங்கில ஆசிரியரிடம் கேளுங்கள் என்று கூறி அனுப்பிவிடுதல் எளிது. ஆயினும் அச்சொற்களின் பிறப்பை நாடிச் செல்லுந்தோறும் நம் சொற்களும் வழியிடையே எதிர்ப்படுகின்றன. ஆகவே இது தமிழாசிரியனுக்கும் உரிய பொருளேயாகும் என்பது என் துணிபு.

நம் இலக்கண நூலார் அளவையை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகைப்படுத்தினர். 'ஒரு கிலோ கொடு' என்னுமிடத்துக் கிலோ என்பது அவ்வளவினதாகிய பொருளை உணர்த்துதலின் எடுத்தலளவை ஆகுபெயர் என்று மாணவர்க்கு நாம் சொல்லிக் கொடுக்கிறோம். அந்நால்வகையையும் ஒழுங்காகக் கொண்டு ஆங்கிலச் சொற்களையும் நம் சொற்களையும் அருகருகே நிறுத்திப் பார்ப்போம்.

முதற்கண் முகத்தல். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துத் தொகைமரபிலே, அளவுப் பெயருக்கும் நிறைப் பெயருக்கும் மொழிமுதலாக வரும் எழுத்துக்கள் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என ஒன்பது என்றார். அதற்கு உரையாசிரியர் காட்டும் அளவுப் பெயர்கள் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டில், அகல், உழக்கு என்பன. சாடியும் பானையும் வட்டிலும் அகலும் வீட்டிற் புழங்கிய ஏனங்களே அன்றோ? ஏனத்தின் பெயரே அதன் கொள்ளளவுக்கும் பெயராயிற்று. ஆங்கிலத்திலும் நிகழ்ந்தது இதுவே. இன்று எடையைக் குறிக்கும் 'டன்', முன்பு மதுவை நிரப்பும் பெரும் பீப்பாயின் பெயர். 'கலன்' என்பது பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கு உறவான இலத்தீன் சொல் வாளியைக் குறித்தது. 'குவாட்' என்பது காற்பங்கு, கலனின் நாலிலொன்று. நாம் நாவிலே தேய்த்துப் 'புசல்' என்று வழங்கும் அளவும் பிரெஞ்சுக்காரரின் கூலமளக்கும் பாத்திரமே. இங்கு எண்ணெய் 'போத்தல்' கணக்கில் விற்கப்படும்போது, 750 மில்லிலீற்றரை நாம் ஒரு குப்பியின் பெயரால் அழைக்கிறோம். சங்ககாலத்துச் சாடியும் இக்காலத்துப் போத்தலும் ஒரே நெறியிற் பிறந்த சொற்கள்.

இம்முகத்தலளவை வெறும் அடுக்களைச் செய்தியாய் நின்றுவிடவில்லை. பங்கீட்டரிசியின் அளவாகிய கொத்து, ஆங்கிலத்தில் 'மெஷர்' எனப்பட்டது. 1953இல் அதன் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. அவ்வாண்டு ஒக்ரோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1970ஆம் ஆண்டுத் தேர்தலிலே இரண்டாவது கொத்து அரிசி பற்றிய வாக்குறுதி எவ்வளவு வலியுடையதாய் இருந்தது என்பதை முதியோர் அறிவர். ஒரு சிறு பாத்திரத்தின் பெயர் ஆட்சியையே அசைத்த வரலாறு நம்முடையது.

இனி எடுத்தல். இங்கேதான் சொற்களின் பயணம் வியப்பூட்டுவது. 'பவுண்ட்' என்பது இலத்தீனின் 'பொண்டோ'. 'நிறையால்' என்பது அதன் பொருள். உரோமர் 'லிப்ரா பொண்டோ' என்றனர்; லிப்ரா என்னும் நிறை கொண்டது என்பது கருத்து. ஆங்கிலேயர் பேச்சிலே பின்பாதியையும் எழுத்திலே முன்பாதியையும் வைத்துக்கொண்டனர். ஆகவே பவுண்ட் என்று வாசிக்கும் சொல்லை எல், பி என்று குறித்தெழுதும் வழக்கம் உண்டாயிற்று. இங்கிலாந்தின் நாணயக் குறியிலுள்ள எல் என்னும் எழுத்தும் அந்த லிப்ராவே. முற்காலத்தில் ஒரு பவுண்ட் நிறையுடைய வெள்ளியிலிருந்து 240 பென்னிகள் அடிக்கப்பட்டமையால் நிறையின் பெயர் பணத்தின் பெயராயிற்று. பின்னர் ஒரு பவுண் பெறுமதியுள்ள பொன் நாணயம் அதே பெயரோடு நம் நாட்டுக்கு வந்தது. அதன் நிறையாகிய ஏறக்குறைய 8 கிராம் பொன்னை நாம் இன்றும் 'பவுண்' என்கிறோம். உரோமரின் தராசிலே பிறந்த சொல் கண்டிப் பொற்கொல்லரின் தராசிலே வந்து அமர்ந்திருக்கிறது.

அங்ஙனமாயின் எடையைக் குறிக்குமிடத்து நாம் பவுண்ட் என்னாது 'இறாத்தல்' என்றது ஏன்? இறாத்தல், அரபு மக்களின் 'ரத்ல்'. அதையே போர்த்துக்கேயரும் 'அறாத்தல்' என வழங்கினர். அரபியருக்கோ அச்சொல் கிரேக்கரின் 'லித்ரா'விலிருந்து அரமேய மொழி வழியே கிடைத்தது. கிரேக்க லித்ராவும் இலத்தீன் லிப்ராவும் ஒரு மூலத்துக் கிளைகள் என்பர் மொழிநூலார். பிரெஞ்சுக்காரர் 1795இல் மெற்றிக் முறையை வகுத்தபோது நீர்ப்பொருள் அளவுக்கு இட்ட 'லீற்றர்' என்னும் பெயரும் அந்த லித்ராவின் வழிவந்ததே. எனவே, பற்றுச்சீட்டிலே எல், பி என எழுதிய வணிகரும், அதை இறாத்தல் என்று வாசித்த நம் பாட்டனாரும், இன்று லீற்றர்க் கணக்கிற் பெற்றோல் வாங்கும் நாமும், ஒரே பழஞ்சொல்லை மூன்று உருவிற் சொல்லி வந்திருக்கிறோம். 'இறாத்தல் பழையது, லீற்றர் புதியது' என்று எண்ணுவோர் இவ்வுறவை நோக்குவாராக. றகரம் மொழிக்கு முதலாகாது என்னும் நம் மரபு ஓர் இகரத்தை முன்னே நிறுத்தி, அவ்வந்நியனுக்குத் தமிழ் வேட்டி உடுத்திவிட்டது.

'அந்தர்' என்பதோ ஆங்கிலரின் 'ஹண்ட்ரட்', ஒல்லாந்தரின் 'ஹொண்டர்ட்' ஆகிய உறவுச் சொற்களின் தேய்வு, பொருள் நூறு. ஆயினும் ஓர் அந்தர் 112 இறாத்தல். 14 இறாத்தல் ஒரு 'ஸ்ரோன்', அதாவது கல். எட்டுக் கற்கள் ஓர் அந்தர் என்பது ஆங்கிலரின் வணிகக் கணக்கு. 'நூறு' என்னும் சொல்லே பண்டை வடபுல மொழியினரிடம் 120ஐக் குறித்தது என்பதை அறிந்தால் இதன் புதுமை குறையும். அந்தருக்கும் 'அந்தரம்' என்னும் சொல்லுக்கும் உறவு தேடுவோர் உளர்; தொல்காப்பிய உரையிற் காணப்படும் 'அந்தை' என்னும் நிறைப் பெயரோடு இதனைப் பிணைக்கவும் மனம் விழையும். ஒலி ஒத்தால் உறவாகி விடாது. சொல்லாராய்ச்சியில் முதற் பாடம் இதுவே. இன்று நம் உழவர் 50 கிலோ மூடையை ஓர் அந்தர் என்கின்றனர். பழைய அந்தர் 50.8 கிலோ ஆகலின், அவர் சொல்வது மிகையன்று.

ஒலியொப்புமையின் மயக்கத்துக்கு நம் ஊரின் பெயரே சிறந்த எடுத்துக்காட்டு. ஆங்கில அகராதியிலே 'கண்டி' என்ற ஒலியுடன் மூன்று சொற்கள் உள. ஒன்று நம் நகரம். சிங்களத்தின் 'கந்த உட ரட்ட', அதாவது மலைமேல் நாடு, போர்த்துக்கேயர் வாயிற் சுருங்கிக் 'கந்தேயா' ஆகிக் கண்டியாயிற்று. சிங்கள மக்கள் இதனை மகநுவர என்பர். இரண்டாவது இனிப்பு. துண்டு எனப் பொருள்படும் வடமொழிக் 'கண்டம்' பாரசீகரிடமும் அரபியரிடமும் சருக்கரைக் கட்டியாகி ஐரோப்பாவை அடைந்தது. நம் கற்கண்டிலும் அது கலந்திருக்கிறது. மூன்றாவது ஒரு நிறை. தென்னாட்டு வணிகத்தில் 20 மணங்கு ஒரு கண்டி. சென்னைக் கணக்கில் 500 இறாத்தல். இலங்கைக் கொப்பரா வணிகத்தில் ஒரு கண்டி 560 இறாத்தல், அதாவது 5 அந்தர். நகரத்துக்கும் நிறைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நம்மிடமிருந்து ஆங்கிலம் கொண்ட அளவுச் சொற்கள் இவ்வாறு பல. நிலவளவாகிய காணி, கூல அளவாகிய பறை, மரக்கால், சிறு நாணயமாகிய காசு ஆகியன ஆங்கில ஏடுகளிலே இடம் பெற்றன. தேயிலை வைக்கும் சிமிழுக்கு ஆங்கிலர் வழங்கும் 'கடி' என்னும் பெயரும், ஏறக்குறைய ஒன்றேகால் இறாத்தலுக்குச் சற்று மிகுந்த 'காத்தி' என்னும் மலாய் நிறையிலிருந்து வந்ததே. கொடுத்தலும் கொள்ளலும் இருபாலும் நிகழ்ந்தன.

மூன்றாவது நீட்டல். ஆங்கிலத்தின் 'இன்ச்', 'அவுன்ஸ்' இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பன்னிரண்டிலொரு பங்கு என்னும் இலத்தீன் 'உன்கியா'வே அத்தாய். அடியின் பன்னிரண்டிலொன்று இன்ச். பழைய இறாத்தலின் பன்னிரண்டிலொன்று அவுன்ஸ். 'புட்' என்பது பாதம். நாமும் 'அடி' என்றோம். 'யார்' என்பது கோல்; 'பேர்ச்' என்பதும் இலத்தீனிற் கோலே; நாமும் நிலத்தைக் கோலால் அளந்தோம். 'பெதம்' என்பது விரித்த இரு கைகளின் நீளம். நம் 'பாகம்' அதுவே. 'மைல்' என்பது உரோமப் படைவீரனின் ஆயிரம் நடை. மனிதன் தன் மெய்யையே முதல் அளவுகோலாகக் கொண்டான் என்பதற்கு எல்லா நாடுகளும் சான்று பகர்கின்றன.

பரப்பளவிலே உழவு நுழைகின்றது. 'பேர்லோங்' என்பது ஒரு படைச்சாலின் நீளம், 220 யார். 'ஏக்கர்' என்பது முதலில் வயல் என்றே பொருள்பட்டது. பின்னர் ஒரு பூட்டு எருது ஒரு நாளில் உழக்கூடிய நிலமாயிற்று. ஆங்கிலேயன் தன் நிலத்தை உழைப்பால் அளந்தான். நம்மவர் விதையால் அளந்தனர். யாழ்ப்பாணத்தில் 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று இன்று கணக்கிடினும், நெல்வயலை 'விதைப்பாடு' கொண்டு மதித்த வழக்கு மறையவில்லை. கண்டி நாட்டுச் சிங்கள உழவரும் அவ்வாறே. 1660இல் இங்கு சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபதாண்டு வாழ்ந்து, 1681இல் நூல் வெளியிட்ட றொபேட் நொக்ஸ், நெல்லை வட்டிக்குக் கொடுத்து வாழ்ந்தவர் ஆதலின் அளவுகளை நன்கறிந்தவர். பத்துக் குறுணி ஒரு பெல, நான்கு பெல ஓர் அமுணம் என்னும் வாய்பாட்டை அவர் பதிந்துள்ளார். குறுணி நமக்கும் உரிய சொல். சிங்களத்தின் அமுணமும், பாக்கு அளவைக்கு நாம் வழங்கிய அவணமும் செவிக்கு எத்துணை அண்மையன என்பதையும் காண்க.

ஓர் அமுணம் விதைக்கும் நிலம் இத்தனை ஏக்கர் என்று துல்லியமாகச் சொல்ல இயலாது. வளமான மண்ணுக்கும் வறண்ட மண்ணுக்கும் விதையளவு வேறுபடும். அவ்வளவை அந்நிலத்தின் இயல்பைச் சொன்னது, எல்லையைச் சொல்லவில்லை. ஆங்கில ஆட்சியினர் சங்கிலியும் வரைபடமும் கொண்டு வந்தனர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலையாக நிறுவப்படுமளவும், முடிக்குரியன என்று கொண்டது. கண்டிப் பகுதிச் சேனை நிலங்களுக்குச் சன்னசோ வரிப்பதிவோ வேண்டப்பட்டது. சேனையும் மந்தைக் காடும் ஏக்கராகி, முன்பு ஏக்கர் 5 சிலிங் என்னும் விலையிலே தோட்டக்காரரிடம் சென்றன. இவ்விழப்புக்குச் சட்டமும் அதிகாரமுமே முதற் காரணங்கள். ஆயினும் கிராமத்தான் பேசிய அளவுச் சொல் நீதிமன்றத்திலே செல்லாக் காசாய்ப் போனமையும் ஒரு காரணமன்று என்று யார் கூறுவார்?

நான்காவது எண்ணல். ஆங்கிலத்தின் 'இலெவன்', 'ருவெல்வ்' என்பன 'ஒன்று மிஞ்சியது', 'இரண்டு மிஞ்சியது' என்று பொருள்படும் பழஞ்சொற்கள்; பத்து விரலையும் மடக்கிய பின் மிஞ்சியன என்க. நம் 'ஒன்பது', பத்துக்கு ஒன்று குறைந்தது என்பர் ஆய்வாளர் சிலர். அவர் பத்துக்கு மேல் நின்று மிச்சத்தை எண்ணினர். நாம் கீழ்நின்று குறையை எண்ணினோம். 'டசின்' பிரெஞ்சு வழி வந்த பன்னிரண்டு. 'குரோஸ்' அதன் பெருக்கமாகிய பெரிய டசின், 144. 'ஸ்கோர்' என்றால் இருபது; அதன் அடிப்பொருள் கீறல். கோலிலே கீறிக் கணக்கு வைத்த காலத்தின் நினைவு அது. இங்கிலாந்தின் திறைசேரியும் அத்தகைய கணக்குக் கோல்களையே நெடுங்காலம் போற்றிவந்தது. 1834இல் அவற்றை அடுப்பிலிட்டு எரித்தபோது மூண்ட தீயே அவர்தம் பாராளுமன்றக் கட்டடத்தை அழித்தது.

'எ லொட்' என்று மாணவர் மிகுதிக்கு எழுதும் சொல், திருவுளச்சீட்டில் விழும் பங்கைக் குறித்தது. பங்கு என்பது பின்னர் ஒருங்கு விற்கும் குவியலாயிற்று; குவியல் என்பது மிகுதியாயிற்று. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தில் நம் மலைகளின் தேயிலை இன்றும் 'லொட்' கணக்கிலேயே விலை போகிறது. சந்தையில் மீனையும் மரக்கறியையும் 'கூறு' கட்டி விற்பவர் இலத்தீனும் அறியார், ஆங்கிலமும் அறியார். ஆயினும் பங்கு என்னும் சொல்லைக் குவியலாக்கிய அதே வழியில் அவரும் சென்றுள்ளார்.

இங்கு ஆசிரியர்க்கு ஒரு சிறு குறிப்பு. 'பியூ' என்பதற்கும் 'எ பியூ' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் மனனம் செய்து மறந்துவிடுகின்றனர். 'சிலர் வந்தனர்', 'சிலரே வந்தனர்' என்னும் இரண்டையும் காட்டுக. பின்னதில் ஏகாரம் தரும் குறைவுப் பொருளே வெறும் 'பியூ'வின் பொருள். 'மெனி', 'மச்' என்னும் வேறுபாடும் அத்தகையதே. பல அரிசி என்று தமிழிற் சொல்வோர் இலர். மிகுதியான அரிசி என்போம். தன் மொழியிலே நுண்மையை உணர்ந்த மாணவன் பிறமொழியிலும் அதனை உணர்வான். சொல் ஒன்றாய் நின்று அளவு மாறுதலும் உண்டு. 'பில்லியன்' இங்கிலாந்திலே முன்பு இலட்சங் கோடி. அந்நாட்டரசு 1974இல் அதனை நூறு கோடியாகக் கொண்டது. பழைய நூல்களைப் படிப்போர் ஆண்டை நோக்கிப் பொருள் கொள்ளல் வேண்டும்.

நால்வகையிலும் அடங்காத ஓரளவையை ஈற்றில் வைத்தேன். கண்டிக்கு அண்மையில் லூல்கந்துரவிலே 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். அதன்பின் இம்மலைகளிலே நம்மவர் பேச்சில் ஒரு புதிய அளவுச் சொல் வேரூன்றியது. அது 'பேர்'. வேலைக்குச் சென்றவரின் பெயர் செக்றோலிலே பதியப்படுவது பேர் போடுதல். முழு நாள் வேலை ஒரு பேர். பறித்த கொழுந்து குறித்த நிறைக்குக் குறையுமாயின் அரைப்பேர். பெயர் என்பது அதனையுடைய ஆளுக்கு ஆகி, ஆள் என்பது அவ்வாளின் ஒரு நாள் உழைப்புக்கு ஆயிற்று. இலக்கண வகுப்பிலே இருமடியாகு பெயருக்குக் 'கார் அறுத்தான்' என்பதையே தலைமுறை தலைமுறையாகக் காட்டி வருகிறோம். நம் மலைகளிலே பிறந்த இச்சொல் அதனினும் விளங்கும் எடுத்துக்காட்டு. ஆனால் 'அரைப்பேர்' என்பதைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். கொழுந்து பறித்த ஒரு தாயின் பெயரையே பாதியாக வெட்டிய சொல் அது என்பது அப்போது புலனாகும்.

அந்நிறையும் வெறும் எண்ணன்று. தோட்ட ஒப்பந்தங்களில் அதற்கு 'நோர்ம்' என்று பெயர். இலத்தீனில் 'நோர்மா' என்பது தச்சனின் மூலைமட்டம். கோணலைக் காட்டிக் கொடுக்கும் கருவி. மூலைமட்டம் தச்சனுக்கும் வீட்டுக்காரனுக்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கப்படும் கிலோ எத்தனை, தராசின் முள் எங்கே நிற்கிறது, ஏட்டில் எழுதப்பட்டது யாது என்பன பறித்தவருக்கும் தெரிதல் வேண்டும். நிறுப்பவர் மொழியொன்று, நிறுக்கப்படுபவர் மொழியொன்று என இருக்குமாயின் அளவை நடுநிலை இழக்கும். அமுணத்தால் அளந்த சிங்கள உழவருக்கு ஏக்கர் செய்ததையும், பேரால் அளக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளருக்குத் தராசு செய்ததையும் ஒருங்கு வைத்து எண்ணுமாறு இவ்வூர் மாணவரை வேண்டுகிறேன். இருசாராரும் ஒரே மலையில் வாழ்பவர்.

ஈண்டு இரு தடைகள் எழும். பிறமொழிச் சொற்களாகிய இறாத்தலையும் அந்தரையும் களைந்தெறிதலே தமிழ்த்தொண்டு என்பார் ஒருசாரார். அவர்க்கு நான் சொல்வது: றகரத்தின் முன் இகரமும், ஹகரத்தின் இடத்து அகரமும் பெற்று நம் ஒலிமரபுக்குள் அடங்கிய சொற்கள் பலர் வாழ்வைத் தாங்கியவை, அவற்றைத் துரத்துமுன் சாடி, நாழி, உழக்கு என்னும் நம் சொற்களை எத்தனை மாணவர் அறிவர் என்று எண்ணிப் பாருங்கள். மற்றொரு சாரார், கிலோவும் லீற்றரும் வந்தபின் பழைய அளவுகளைக் கற்பதாற் பயனென்ன என்பர். பயன் உண்டு. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்திலே நுகர்வோர் அதிகாரசபை ஒரு பாணின் நிறை 450 கிராம், அரைப்பாண் 225 கிராம் என வர்த்தமானியிற் பணித்தது. பழைய இறாத்தல் 453.6 கிராம். இறாத்தலின் நிறையை அறிந்தவர்க்கே 'இறாத்தற் பாண்' என்னும் பெயரில் 400 கிராம் வருமாயின் அது குறை என்று கேட்கத் தெரியும். சொல்லின் பொருளை மறந்தவன் கைக்கு வந்ததை வாங்கிச் செல்வான்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, மேல்வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரிடம் பத்து அளவுச் சொற்களைக் கேட்டு, அவை எதனை எவ்வளவு குறித்தன என்பதை எழுதி வரட்டும். சுண்டு, கொத்து, பறை, பேர் ஆகியவற்றை வழங்கியோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். இன்னும் இருபது ஆண்டின்பின் இருப்பர் என்பதற்கு உறுதியில்லை. சிங்கள மாணவரும் அவ்வாறு தொகுப்பாராயின் இரு பட்டியல்களையும் ஒப்பு நோக்கலாம். குறுணி போன்ற பொதுச் சொற்கள் பல வெளிப்படும். இரண்டாவது, அளவை ஆகுபெயரைக் கற்பிக்கும்போது பழைய உதாரணங்களோடு இறாத்தலையும் பேர்ச்சையும் பேரையும் சேர்த்துக் கற்பியுங்கள். ஆங்கில ஆசிரியரையும் அவ்வகுப்புக்கு அழையுங்கள். மூன்றாவது, மலைத்தோட்டப் பாடசாலைகளில் தராசு வாசிக்கவும் கழிவு கணக்கிடவும் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளியுங்கள். தாயின் கணக்கை மாலையிலே பிள்ளை சரிபார்த்துச் சொல்லுமாயின், ஆண்டிறுதிப் பரீட்சையில் அது பெறும் புள்ளியினும் அதனைப் பெரிதாக நான் மதிப்பேன்.